சம்பந்தி சொன்ன வழி

எழுபதுகளின் தொடக்கத்தில், ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை லாரி ஓட்டியவர்களிடம் ஒரு கைமொழி இருந்தது. எதிரே வரும் லாரிக்காரர் உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினால் ரயில்வே கேட் மூடியிருக்கிறது என்று பொருள். கையை முன்னும் பின்னும் ஆட்டினால் கேட்டில் ஷண்டிங் நடக்கிறது, வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்கலாம். விரலால் வட்டம் போட்டால் திரும்பிவிட வேண்டும். கட்டைவிரலைத் தோளுக்குப் பின்னால் காட்டினால் போலீஸ்காரர் நிற்கிறார். இந்த மொழியில் வதந்திக்கு இடம் கிடையாது. காட்டுகிறவர் அந்த இடத்தை இப்போதுதான் கடந்து வந்திருக்கிறார். தெரியாததைச் சொல்ல அவரிடம் விரல்களும் இல்லை.

இதை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று லாரி உரிமையாளர் சங்கத்துக்குத் தோன்றியது. ஒரு காரியம் தானாக நடந்துகொண்டிருந்தால் சங்கங்களுக்கு அப்படித்தான் தோன்றும்.

நான் அப்போது ஒரு சிறிய நாளிதழுக்குத் துறைமுகச் செய்திகள் எழுதிக்கொண்டிருந்தேன். எந்தக் கப்பல் வந்தது, எதை இறக்கியது, எப்போது போகும் என்று நாளுக்கு ஒரு பத்தி. மீதி நேரத்தில் அந்தப் பகுதியில் நடக்கும் கூட்டங்களுக்குப் போய் நாற்காலியை நிரப்ப வேண்டும். சங்கம் தன் திட்டத்தை அறிவித்த கூட்டத்தில் அப்படித்தான் இருந்தேன்.

திட்டம் செயலாளருடையது. அவர் ராணுவத்தில் தகவல்தொடர்புப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர். மின்விசிறி இல்லாத கூடத்திலும் சட்டை மடிப்புக் கலையாமல் நிற்பார். சுவரில் ஒரு வரைபடத்தை மாட்டி வடசென்னையை நாலு பகுதியாகப் பிரித்திருந்தார். தெற்கே துறைமுகமும் ராயபுரமும், வடக்கே எண்ணூர், மேற்கே மாத்தூரும் மணலியும், இவற்றுக்கு நடுவே திருவொற்றியூர். ஒவ்வொரு பகுதியிலும் தொலைபேசி உள்ள சில இடங்களைத் தேர்ந்தெடுத்திருந்தார். ஒரு பெட்ரோல் பங்க், ஒரு ஐஸ் ஃபாக்டரி, ஒரு சிமென்ட் கிடங்கு, சில மொத்தக் கடைகள். திருவொற்றியூரில் சங்கத்துக்குச் சொந்தமான எடைமேடைதான் மையம். அங்கே ஒரு கரும்பலகை.

விதிகள் எளிமையானவை. ஒவ்வொரு கடைக்காரரும் தன் வாசலில் உள்ள கேட், பாலம், சாலை ஆகியவற்றின் நிலையை மட்டும் சொல்ல வேண்டும். தன் கண்ணால் பார்த்ததை மட்டும். நிலை மாறினால் தன் பகுதியில் உள்ள எல்லாக் கடைக்கும் உடனே சொல்ல வேண்டும்; கேட்டவர் அதை ஒரு சொல்லும் மாற்றாமல் அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். அப்போது ஒரு பகுதிக்குள் எல்லோருடைய தலையிலும் ஒரே வரைபடம் இருக்கும். அவரவர் லாரிக்கு எது குறுக்கு வழி என்று அவரவரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு எண். பெரிய எண் வந்தால் சின்ன எண்ணை மறந்துவிட வேண்டும்.

ஆனால் ஒரு பகுதியின் செய்தி முழுவதும் இன்னொரு பகுதிக்குப் போகாது. ஒவ்வொரு பகுதிக்கும் எல்லையில் ஒரு கடை உண்டு. அந்தக் கடை சுருக்கம் மட்டும் கொடுக்கும்.

"சுருக்கம்னா இன்னா சார்?" என்று ஒரு லாரி முதலாளி கேட்டார்.

"எண்ணூருக்குப் போகலாமா, கூடாதா. எவ்வளவு நேரம் ஆகும். அவ்வளவுதான். எண்ணூருக்குள்ளே எந்தச் சந்து, எந்த கேட்டுன்னு ராயபுரத்துக்காரனுக்கு எதுக்கு?"

"நடுவுல சேறு கீதா கெணறு கீதான்னு எப்டி சார் தெரியும்?"

"அது எண்ணூர்க்காரன் கவலை. எல்லாரும் எல்லாத்தையும் தெரிஞ்சுக்கணும்னா காலையிலேர்ந்து சாயங்காலம் வரை போனைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருக்கணும். லாரி யார் ஓட்டறது?"

கடைசி விதி ஒன்று. சுருக்கங்கள் எல்லாம் திருவொற்றியூர் வழியாகத்தான் போக வேண்டும். மற்றப் பகுதிகள் தங்களுக்குள் நேராகப் பேசிக்கொள்ளக் கூடாது.

"மாத்தூரும் எண்ணூரும் பக்கத்துலதானே கீது? அதுங்க பேசிக்கினா இன்னா போச்சு?"

"கூடாது. நீ சொன்ன சேதியே ஊரைச் சுத்தி உன் காதுக்குத் திரும்பி வரும். வேற ஒருத்தன் பார்த்துச் சொல்றான்னு நீ நம்பிடுவே."

அவர் பேசியதில் நான் குறித்துக்கொண்டது அந்த ஒரு வாக்கியம்தான். அவர் வாயிலிருந்து வந்தவற்றில் முழுக்கச் சரியானதும் அதுதான். அதன் அருமை அவருக்கே தெரியவில்லை.

வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, கணினி வலையமைப்பு பற்றிய ஒரு பாடநூலின் தமிழாக்கத்துக்கு மெய்ப்புப் பார்க்கும் வேலை எனக்கு வந்தது. அதில் லிங்க் ஸ்டேட் ரவுட்டிங் என்று ஓர் அத்தியாயம். ஒவ்வொரு ரவுட்டரும் தன்னோடு நேரடியாக இணைந்த கம்பிகளின் நிலையை மட்டும் சொல்லும். அந்தச் செய்தி மாறாமல் பகுதி முழுவதும் பரவும். ஒவ்வொன்றும் முழு வரைபடத்தை வைத்துத் தன் வழியைத் தானே கணக்கிடும். வலை பெரிதானால் பகுதிகளாகப் பிரிப்பார்கள். எல்லையில் உள்ள ரவுட்டர் சுருக்கத்தை மட்டும் நடுப்பகுதிக்குக் கொடுக்கும். நடுப்பகுதிக்கு முதுகெலும்பு என்று பெயர். பக்கத்துப் பகுதியின் சுருக்கத்தை முதுகெலும்பு வழியாக அல்லாமல் வேறு வழியில் கேட்டால், எல்லை ரவுட்டர் அதை முதுகெலும்புக்குத் திருப்பிச் சொல்லவே சொல்லாது. செயலாளர் கூட்டத்தில் மாட்டியிருந்த வரைபடம்தான். நூலாசிரியர் இதைப் பெரிய மூளையின் வேலை என்று எழுதியிருந்தார். இருக்கலாம். ஆனால் இயந்திரங்களுக்கு இது எளிது. ரவுட்டர்களுக்குப் பெண் பிள்ளைகள் இல்லை. கட்டிக்கொடுக்க வேண்டியதில்லை.

எண்ணூரின் எல்லைக் கடை ஒரு மளிகை மொத்தக் கடை. மாத்தூரின் எல்லைக் கடை தவிடும் பிண்ணாக்கும் விற்கும் கடை. இரண்டின் முதலாளிகளும் தென் மாவட்டத்திலிருந்து வந்து வியாபாரத்தில் காலூன்றியவர்கள். திட்டம் தொடங்கிய சில மாதங்களில் எண்ணூர்க்காரரின் மகளை மாத்தூர்க்காரரின் மகனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். செயலாளர் முன்வரிசையில் உட்கார்ந்து, இரண்டாவது முறை பாயசம் வாங்கிச் சாப்பிட்டு, அட்சதை போட்டு வாழ்த்தினார். தன் வரைபடத்தில் கிழிக்கக் கூடாது என்று தானே சொன்ன கோட்டைக் கிழிக்கிறார்கள் என்பது அவர் தலையில் ஏறவில்லை. அவருக்குப் பகுதிகள் தெரியும், எண்கள் தெரியும். எண்ணூரில் இருப்பவர் ஒரு தகப்பன் என்பது அவர் கணக்கில் இல்லை.

கல்யாணத்துக்குப் பிறகு எண்ணூர்க்காரர் தினமும் காலையில் கடை திறந்ததும் மாத்தூருக்குத் தொலைபேசி செய்வார். மகளைப் பற்றி நேராக விசாரிப்பது முறையல்ல. அதனால் சம்பந்தியின் உடம்பு, மழை, பிண்ணாக்கு விலை, சாலை என்று சுற்றிவந்து கடைசியில் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டு முடிப்பார். பெண்ணைக் கொடுத்தவர், பிள்ளையைப் பெற்றவரின் பேச்சை மறுத்துப் பேசுவதில்லை. இது எந்தச் சங்கமும் எழுதாத விதி. ஆகவே மீறப்படாத விதி.

இனி அந்த நாள்.

எண்ணூரை ஒட்டிய காத்திவாக்கத்தில் ஒரு பெண்மணி இருந்தார். நாற்பது வயதுக்கு மேல். கழிமுகத்தில் பிடிபடும் இறாலை அக்கம்பக்கத்துப் பெண்களிடமிருந்து சேர்த்துக் கொடுப்பவர். அந்தக் குப்பத்து இறால் முழுவதும் அதுவரை ஒரு தரகர் கையில்தான் போய்க்கொண்டிருந்தது. தரகர் கூடையில் கைவிட்டு ஒன்றை எடுத்து, தலையை நசுக்கிப் பார்த்து, "நைஞ்சி கீது" என்பார். தண்ணீரிலிருந்து அப்போதுதான் வந்து துள்ளிக்கொண்டிருந்தாலும் நைந்துதான் இருக்கும். அதற்கேற்ற விலை. அவரை விட்டால் வேறு வழியில்லை, ஏனென்றால் ஐஸ் அவரிடம்தான் இருந்தது.

ராயபுரத்தில் இறாலை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியோடு அந்தப் பெண்மணி தானாகப் போய்ப் பேசினார். கம்பெனிக்காரர்கள் ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். ஒரு நாள் ஐஸ் லாரி அனுப்புவோம். அன்று வரும் இறால் விறைப்பாக வந்து சேர்ந்தால், தினமும் லாரி குப்பத்துக்கே வரும், நேராகக் கொடுக்கலாம். இல்லையென்றால் பழையபடி தரகர்தான். அந்தப் பெண்மணி அன்றைய பிடிப்பு முழுவதையும் தரகருக்கு இல்லை என்று சொல்லிவிட்டு, தன் வாக்கின்பேரில் மற்றப் பெண்களிடமிருந்து வாங்கி வைத்திருந்தார். இறால் ஏற்றுமதி பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்ததால் அந்த லாரியில் நானும் போனேன்.

ஓட்டுநர் ராயபுரத்துக்காரர். டாஷ்போர்டில் மாதா படம், அதன் கழுத்தில் வாடிய மல்லிகை.

"குந்து சார். ஐசுக்காரன் வண்டில வந்துட்டு வேர்க்குதுன்னு மட்டும் சொல்லாதே" என்றார்.

பின்னால் ஐஸ் பாளங்கள் மரத்தூள் போட்டு, கோணியால் மூடிக் கிடந்தன. ஒரு புயல் ஆந்திரப் பக்கம் போய்விட்டிருந்தது. வானம் வெளுத்து வெயில் சுரீரென்று அடித்தது. கடல் மட்டும் அடங்கவில்லை. சாலையோரக் கருங்கற்களை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டிருந்தது.

எடைமேடையில் லாரியை நிறுத்தினோம். பலகையில் எழுதியிருந்தது: எண்ணூர், போகலாம், மாத்தூர் வழி.

"பீச்சு ரோடு இன்னா ஆச்சு?" என்றார் ஓட்டுநர்.

எடைமேடைக் குமாஸ்தா பலகையைக் காட்டினார். "கடல் ரோட்டைத் தின்னுடுச்சாம். எண்ணூர்லேர்ந்து போன். கண்ணால பார்த்த சேதி. மாத்தூர் சுத்திப் போங்க, கொஞ்சம் நேரம் ஆகும்."

சாலை முறிந்த இடம் அங்கிருந்து வெகுதூரம் இல்லை. லாரியில் போனால் ஒரு பீடி நேரம். யாரும் போய்ப் பார்க்கவில்லை. தொலைபேசி இருக்கும்போது எதற்குப் போய்ப் பார்ப்பது? லாரி மேற்கே திரும்பியது.

அன்று காலை என்ன நடந்தது என்பதை நான் பின்னால் ஒவ்வொருவராக விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அது இவ்வளவுதான்.

முந்தின சாயங்காலமே மாத்தூருக்கும் எண்ணூருக்கும் நடுவில் உள்ள கால்வாய்ப் பாலம் ஒரு சிமென்ட் லாரியின் பாரத்தில் உட்கார்ந்துவிட்டது. தவிட்டுக் கடைக்காரர் அதைத் தன் பகுதி முழுவதற்கும் ஒழுங்காகச் சொன்னார். அது உள் விவகாரம் என்பதால் வெளியே சொல்லவில்லை. மாத்தூருக்கு வரலாம், மணலிக்கு வரலாம் என்று சுருக்கம் கொடுத்தார். அதில் பொய் இல்லை. மறுநாள் காலையில் எண்ணூர்ச் சம்பந்தி வழக்கம்போல் பேசினார். அப்போது கடற்கரைச் சாலை நன்றாக இருந்தது. திருவொற்றியூர்ப் பலகையில் எண்ணூர் போகலாம் என்று இருந்தது.

"ஒங்க பக்கமிருந்து இங்கன வர வழி எப்பிடி இருக்கு சம்பந்தி? புள்ள வாரேன்னு சொல்லிச்சு" என்றார் எண்ணூர்க்காரர்.

"எண்ணூருக்கா? ராஜபாட்டையால்லா கிடக்கு. எப்ப வேணும்னாலும் அனுப்பி வைக்கேன்" என்றார் மாத்தூர்க்காரர். அவர் சொன்னது திருவொற்றியூர்ப் பலகையில் இருந்ததை. அது எண்ணூர்க்காரர் தாமே கொடுத்த செய்தி. எண்ணூரிலிருந்து திருவொற்றியூர் போய், மாத்தூர் போய், சம்பந்தியின் குரலில் எண்ணூருக்கே திரும்பி வந்தது. எண்ணூர்க்காரர் அதைக் கால்வாய் வழி என்று எடுத்துக்கொண்டார்.

மாத்தூர்க்காரர் ஒரு விதியை மீறினார், ஒரு விதியைக் கடைப்பிடித்தார். எண்ணூரோடு நேராகப் பேசக் கூடாது, பேசினார். உள் விவகாரத்தை வெளியே சொல்லக் கூடாது, சொல்லவில்லை. இரண்டையும் மீறியிருந்தால் பாலம் உட்கார்ந்த கதையும் சேர்ந்து போயிருக்கும், ஒரு கெடுதலும் நடந்திருக்காது. இரண்டையும் கடைப்பிடித்திருந்தாலும் நடந்திருக்காது. நம் மக்கள் விதியைப் பாதிப் பாதியாகத்தான் மதிப்பார்கள்.

சற்று நேரத்தில் கடல் சாலையை அறுத்தது. எண்ணூர்க்காரர் தானே போய்ப் பார்த்தார். பார்த்ததைச் சொன்னார். அதோடு நிறுத்தாமல், கேட்டதையும் பார்த்ததுபோல் சேர்த்துச் சொன்னார்: கடற்கரை முடியாது, ஆனால் மாத்தூர் வழியாகப் போகலாம். மாத்தூருக்குப் போன சுருக்கத்தில் மாற்றமில்லை: எண்ணூர் போகலாம்.

தவிட்டுக் கடை வாசலில் லாரியை நிறுத்தியபோது பின்னாலிருந்து தண்ணீர் ஒழுங்காக ஒழுகிக்கொண்டிருந்தது. கடை வாசலில் கட்டியிருந்த மாடு வந்து அதை நக்கியது.

"எண்ணூருக்கா?" என்றார் கடைக்காரர். "இங்கன பாலம் உக்காந்துட்டுல்லா. திருவொற்றியூர் வழியாப் போங்க. அது தொறந்துதான் கிடக்கு."

"அங்கேந்துதான் நைனா வந்துகினு கீறோம்! பீச்சு ரோட்ட கடல் இட்டுனு பூட்ச்சி!"

"யாரு சொன்னது?"

"எண்ணூரு சொன்னான்."

"எண்ணூரா? எங்க சம்பந்தில்லா அது. காலையிலகூட பேசினாகளே." அவர் தொலைபேசியை எடுத்தார். இணைப்புக் கிடைக்க நேரமாயிற்று. கிடைத்த பிறகும் உடனே விஷயத்துக்கு வரவில்லை.

"சம்பந்தி அவுகளா? சாப்பிட்டாச்சா? ... இங்க எல்லாரும் சொகம். புள்ளைக்கு என்ன கொறை, ராணி மாதிரில்லா இருக்கு ... சளியா? அது போன வாரம். இப்ப இல்ல."

ஓட்டுநர் பற்களைக் கடித்துக்கொண்டு, "நைனா, ஐசு! சளி அப்பால!" என்றார்.

கடைக்காரர் கையால் அவரை அமர்த்தினார். "ஒண்ணுமில்ல சம்பந்தி, இங்க ஒரு லாரிக்காரன் நிக்கான். கடக்கரை ரோடு இல்லைங்கான். அது தொறந்துதான கிடக்கு? பலகையில போட்டிருக்குன்னு திருவொற்றியூர்லேர்ந்து காலையில சொன்னாகளே."

மறுமுனையில் எண்ணூர்க்காரர். அலையில் விழுந்த சாலையை அன்று காலை கண்ணால் பார்த்தவர். அவர் குரல் ரிசீவரிலிருந்து எங்களுக்கும் கேட்டது.

"நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும் சம்பந்தி."

சாலையைக் கடல் அறுத்தது. மரியாதை ஒரு நிமிடத்தில் அதை ஒட்டவைத்துவிட்டது.

தவிட்டுக் கடைக்காரர் தொலைபேசியை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். பள்ளிக்கூட வாத்தியார் தப்பான கணக்கைத் திருப்பிக் கொடுக்கும் முகம். "தொறந்துதான் கிடக்காம். போங்க."

நாங்கள் மறுபடி எடைமேடைக்கு வந்தபோது செயலாளரே வந்திருந்தார். எல்லைக் கடைகள் எடைமேடைக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்வதைக் குமாஸ்தா அவருக்குச் சொல்லியிருந்தார். சம்பந்தியிடம் மறுத்துச் சொல்லாததை எண்ணூர்க்காரர் எடைமேடைக்கு மறுபடி சொல்லியிருந்தார்; பலகையில் அதே வரி புது எண்ணோடு எழுதப்பட்டிருந்தது. எண்ணூர், போகலாம், மாத்தூர் வழி.

ஓட்டுநர் இறங்கி, பாலம் உட்கார்ந்துவிட்டதைச் சொன்னார்.

"மாத்தூர்லேர்ந்து அப்படி ஒரு செய்தி வரலையே" என்றார் செயலாளர்.

"நா வந்துருக்கேனே சார்! நா சேதி இல்லியா?"

"நீ டிரைவர். செய்திக்கு நம்பர் இருக்கணும். இது பாரு, இப்பத்தான் புது நம்பரோட வந்திருக்கு. புதுசுதான் சரி."

"புது நம்பரு, பழைய பொய்யி."

"மரியாதையாப் பேசு. திட்டத்திலே கோளாறு இல்லை. மறுபடி மாத்தூர் போய்க் கேளு."

ஓட்டுநர் அவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். அடுத்த லோடு கொடுப்பதும் கொடுக்காததும் சங்கத்தின் கையில் இருந்தது; அவர் ஒரு கணம் தயங்கியது எனக்குத் தெரிந்தது. பிறகு ஏறிக் கதவை அறைந்தார்.

"நீ போன்லயே எண்ணூரு போ சார். நா ரோட்ல போறேன்."

கடற்கரைச் சாலையில் வடக்கே போனோம். எதிரே ஒரு வண்டியும் வரவில்லை. அதுவே செய்தி, ஆனால் அதைப் படிக்க அப்போது யாருக்கும் பொறுமை இல்லை. முறிவு தெரிந்தது. தார்ச் சாலை கேக்கை வெட்டியதுபோல் நின்றது. நடுவில் ஒரு லாரி படுக்கும் அளவுக்கு இடைவெளி. கீழே அலை வரும்போது முழங்கால் அளவு தண்ணீர், போனதும் கெட்டியான மணல். லாரிக்கு அது பாதாளம். தலையில் கூடையோடு நடப்பவருக்கு அது ஒன்றுமே இல்லை.

முறிவின் இந்தப் பக்கம், எங்கள் பக்கம், பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் ஈரக் கோணி போர்த்திய கூடைகள். நடுவில் அந்தப் பெண்மணி. காலையில் சாலை முறிந்தது தெரிந்ததும் அவர் யாரையும் கேட்கவில்லை. கேட்க அவரிடம் தொலைபேசியும் இல்லை. லாரி இங்கே வரை வரும், கூடையை நாம் இறக்கிக் கொண்டுபோவோம் என்று எல்லோரையும் அழைத்துக்கொண்டு மணலில் நடந்து வந்துவிட்டார். நாங்கள் முதல் முறை எடைமேடையில் பலகையைப் படித்துக்கொண்டிருந்தபோதே அவர்கள் அங்கே வந்தாயிற்று. போகலாம் அல்லது கூடாது என்ற இரண்டே சொற்களுக்குள் இந்தப் பெண்களுக்கு இடம் இல்லை.

அவர் எழுந்து வந்தார். லாரியின் பின்கதவைத் திறக்கச் சொன்னார். மரத்தூள் சேறாகக் குழம்பியிருந்தது. அதற்கு நடுவில் சில பாளங்கள் சோப்புக்கட்டி அளவில் மிதந்தன.

"ஐசு எங்க நைனா?"

"கரஞ்சிபோச்சு ஆயா."

"எங்க போயி கரைச்சே?"

"மாத்தூரு."

"மாத்தூர்ல எந்தக் கடல் கீது? எந்த எறா கீது?"

பின்னால் இருந்த பெண்களில் ஒருத்தி, "தவிட்டுக்கு ஐசு வெக்கப் போயிருப்பான்" என்றாள். யாரோ சிரித்தார்கள். அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை.

"இருக்கறத போட்டு அமுக்கிக் கொண்டுபோவலாம் ஆயா" என்றார் ஓட்டுநர். "ராயபுரம் கிட்டக்கதானே. பார்ப்போம்."

அந்தப் பெண்மணி ஒரு கூடையில் கைவிட்டு அடியிலிருந்து ஒரு இறாலை எடுத்தார். தலையை நசுக்கினார். தரகர் செய்வதும் அதேதான். ஆனால் இவர் முகர்ந்து பார்த்தார், இன்னொன்றை எடுத்தார், அதையும் முகர்ந்தார். வெயில் உச்சியில் நின்றது. எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"நைஞ்சி கீது" என்றார்.

முதல் தடவையாக அந்தச் சொல் அந்தக் குப்பத்து இறாலைப் பற்றி உண்மையாகச் சொல்லப்பட்டது.

"எப்டியாவது குடுத்துப் பாக்கலாமே ஆயா. கம்பெனிக்காரன் பாக்கறதுக்குள்ள ..." என்றார் ஓட்டுநர்.

"பாக்காம இருப்பானா? இத்த கொண்டுபோய் அவன் மேசைல கொட்டினா, காத்திவாக்கம்னாலே அவன் மூக்கப் பொத்திக்குவான். நாளைக்கும் வராது, என்னிக்கும் வராது. இன்னிக்கு எதுவும் வரலன்னு சொல்லிடு. ரோடு இல்ல, அதனால வரலன்னு சொல்லு. எறா கெட்டுப்போச்சுன்னு சொல்லாதே."

ஓட்டுநர் தலையாட்டினார். கம்பெனியில் அப்படித்தான் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன். கம்பெனிக்காரர் கடிகாரத்தைப் பார்த்து, "ஐஸ் அனுப்பினோம். சரக்கு வரலை. அவ்வளவுதான்" என்றார். அவரும் சுருக்கம்தான் கேட்டார். ஐஸ் லாரி அதற்குப் பிறகு காத்திவாக்கத்துக்குப் போகவில்லை.

கூடைகளை அவர்கள் திருப்பித் தூக்கிக்கொண்டு போகவில்லை. அந்த வெயிலில் சுமந்து பயனும் இல்லை. முறிந்த சாலையின் தார்த் தரையில் இறாலைப் பரப்பினார்கள். தார் அடுப்புக்கல் மாதிரி காய்ந்திருந்தது. லாரியின் கோணிகளையும் வாங்கி விரித்தார்கள். சாயங்காலத்துக்குள் சாலை முழுவதும் சிவந்துவிட்டது. காக்கை விரட்ட இரண்டு பெண்கள் துடைப்பத்தோடு உட்கார்ந்தார்கள்.

சங்கத்தின் கூட்டம் அந்த வாரமே நடந்தது. ஐஸின் தரம் சரியில்லை என்று தீர்மானம் போட்டார்கள். சம்பந்திகள் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒருவர் மற்றவருக்கு முன்னால் எழுந்து பேச மறுத்தார்கள். "நீங்க பேசுங்க." "நீங்க பேசுங்க." கடைசியில் இருவரும் பேசவில்லை. செயலாளர் திட்டத்தில் ஒரு விதியையும் மாற்றவில்லை. என் செய்தியை இரண்டு வரியாக வெட்டி, வரைபடத்தின் படத்தோடு போட்டார்கள். படத்தில் செயலாளர் ஒரு குச்சியால் திருவொற்றியூரைத் தொட்டுக்கொண்டிருந்தார்.

சாலையைச் சீர்செய்யக் கருங்கல் வந்தபோது தார்த் தரையில் இன்னும் இறால் காய்ந்துகொண்டிருந்தது. செயலாளரே ஜீப்பில் வந்து இறங்கினார். இந்த ஒரு முறை அவர் நேரில் வந்து பார்த்ததை எழுதிவைக்க வேண்டும்.

"இதை எப்ப எடுப்பீங்க? கல் லாரி நிக்குது."

அந்தப் பெண்மணி துடைப்பத்தை ஊன்றி எழுந்தார். ஜீப்பை, அதன் பின்னால் நின்ற லாரியை, மடிப்புக் கலையாத சட்டையைப் பார்த்தார்.

"எனக்கு இன்னா சார் தெரியும்? மாத்தூருக்குப் போன் போட்டுக் கேளு. அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பெண்கள் சிரித்த சிரிப்பில் ஜீப் ஓட்டுநரும் சேர்ந்துகொண்டார். எங்கள் ஓட்டுநர் சொன்ன கதை அதற்குள் குப்பம் முழுவதும் போயிருந்தது; செயலாளருக்கு மட்டும் அது எங்கிருந்து வந்த வாக்கியம் என்று விளங்கவில்லை.

அதற்குச் சில நாள் முன்பே தரகர் வந்துவிட்டிருந்தார். சாலை முறிந்த மறுநாள் காலை, புதுப் பிடிப்பு கரையேறும் நேரத்தில். வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பின்னால் ஒரு ஆள் ஐஸ் பெட்டியைத் தலையில் சுமந்துவர, மணலோரமாக நடந்து வந்தார். அலை போகும்வரை முறிவின் விளிம்பில் நின்றார். போனதும் இறங்கிக் கடந்தார். எந்த வழி திறந்திருக்கிறது என்று அவர் யாரையும் கேட்கவில்லை. கூடைகள் இருந்த இடத்துக்கு நேராக வந்து, ஒன்றில் கைவிட்டு, ஒரு இறாலை எடுத்துத் தலையை நசுக்கினார்.